கோடு போடலாம்... எண் யாருடையது?

கடலூரில் அம்மா முந்திரிப்பருப்பு பாக்கெட் போட்டு விற்கிறார். சிதம்பரத்தில் மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள். "பார்கோடு இருந்தாதான் பெரிய கடையில வாங்குவாங்களாம்" என்றார் அம்மா. "நானே போட்டுத் தரேம்மா" என்றாள் மகள்.

சி மொழியில் அது சின்ன வேலைதான். மொத்தம் 13 இலக்கம். கடைசி இலக்கம் முதல் 12-ஐச் சரிபார்க்க. இடமிருந்து ஒற்றைப்படை இடத்து இலக்கங்களை அப்படியே, இரட்டைப்படை இடத்து இலக்கங்களை மூன்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அதை அடுத்த பத்தின் மடங்காக்கத் தேவைப்படுவதே 13-வது இலக்கம். 890123456789 என்றால் கூட்டுத்தொகை 130. எனவே கடைசி இலக்கம் 0. அன்று இரவே திரையில் கறுப்பு வெள்ளைக் கோடுகள் வந்துவிட்டன.

பிறகுதான் சிக்கல் புரிந்தது. புரோகிராம் எந்த எண்ணுக்கும் கோடு போடும். அது வேறொருவரின் சோப்புக்கு உரிய எண்ணாக இருந்தால், பில்லில் முந்திரி சோப்பாகிவிடும்!

890-ல் தொடங்கும் எண்களை வழங்குவது ஜிஎஸ்1 இந்தியா. அதற்குக் கட்டணம் உண்டு. சொந்தக் கடைக்குள் மட்டும் ஸ்கேன் செய்ய 2-ல் தொடங்கும் எண் போதும், அதற்குக் கட்டணமில்லை. வெளியே விற்கத்தான் பதிவு வேண்டும்.

அம்மா கேட்டார்: "எத்தனை கிலோ வித்தா அந்தப் பணம் வரும்?" மகள் இப்போது அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறாள்.