தாகம் தீர்ந்த கோட்டை

ஜோத்பூரில் இரவு ரயில் ஏறியபோது எங்கள் சாமான்களில் மிகக் கனமானது தண்ணீர்தான். தார்ப் பாலைவனத்தின் நடுவே உள்ள ஜெய்சல்மேருக்குப் போகிறோம். அங்கே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சுமார் 20 சென்டிமீட்டர்தான் என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லியாகிறது. பிறகு வெறுங்கையுடன் போகத் துணிவு வருமா? ஒரு பெரிய கூஜாவும் இரண்டு கேன்களும் நிரம்பியிருந்தன. தூக்கிய போர்ட்டர் எங்களை ஒரு தினுசாகப் பார்த்தார்.

விடியும் வேளையில் ஊர் வந்து சேர்ந்தது. இந்த ஊருக்கு ரயில் வந்ததே 1968-ல்தான். முற்காலத்தில் சிந்து தேசத்துக்கும் அதற்கப்பாலும் சென்ற ஒட்டக வியாபாரிகள் இங்கே இறங்கி, சுங்கம் செலுத்திப் போனார்கள். அதனால் கொழித்த ஊர் இது. பம்பாய்த் துறைமுகம் தலையெடுத்ததும் வியாபாரம் கடல் வழியே போயிற்று. 1947-ல் தேசம் பிரிந்தபோது மேற்கே போகும் பாதையும் அடைபட்டது.

ஸ்டேஷனுக்கு வெளியே வந்ததும் இருவரும் பேச்சற்று நின்றோம். மஞ்சள் பூசிக் குளித்த முகத்தில் வெயில் பட்டாற்போல் எதிரே கோட்டை ஜொலித்தது! 1156-ல் ராவல் ஜைசல் என்னும் பட்டி ராஜபுத்திர அரசர் திரிகூட மலைமேல் எழுப்பிய கோட்டை அது. சுற்றிலும் 99 கொத்தளங்கள். மற்றக் கோட்டைகளைப்போல் வௌவாலுக்கும் காவற்காரருக்கும் விடப்பட்டதன்று; இன்றும் உள்ளே சில ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள். நாங்கள் தங்க ஏற்பாடு செய்திருந்ததும் உள்ளேதான். ஆட்டோ ரிக்‌ஷா நான்கு வாயில்களையும் கடந்து, வளைந்து வளைந்து மேலேறியது.

அறைக்குள் நுழைந்து குழாயைத் திறந்தால், குற்றால அருவி! எங்கள் வீட்டு அம்மாள் கூஜாவையும் குழாயையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் பூகோள பாடத்தின் கௌரவம் முழுவதும் போய்விட்டது. இருவரும் ஆசை தீரக் குளித்தோம். பிரயாணத்து அழுக்குத் துணிகளையும் துவைத்து மாடியில் உலர்த்தினோம்.

துணி உலர்த்திய இடத்தில்தான் அந்த வீட்டுக்காரரின் வயோதிகத் தாயாரைப் பார்த்தோம். ஹிந்தி பிரசார சபைப் பரீட்சைக்காக எங்கள் வீட்டு அம்மாள் எப்போதோ படித்த ஹிந்தி அன்றைக்குத்தான் உபயோகப்பட்டது. "அம்மா, எங்கள் ஊரிலேகூட இவ்வளவு தண்ணீர் வராது" என்றாள். கிழவி புன்னகை செய்யவில்லை. எங்களை அழைத்துப் போய்ப் பின்கட்டுச் சுவரைக் காட்டினாள். தரையிலிருந்து இடுப்பளவுக்கு ஈரம் ஏறி, கல் மாவாய் உதிர்ந்துகொண்டிருந்தது. விரல் நுழையும் வெடிப்பு ஒன்று மேலே ஓடியது.

விஷயம் இதுதான். மலை என்று பெயரே தவிர, அது ஒரே கெட்டிப் பாறையன்று. மணற்கல்லும் களிமண்ணும் அடுக்கடுக்காய் அமைந்தது. கட்டினவர்கள் தண்ணீரைக் குடத்தால் அளந்த மனிதர்கள். சாக்கடைகளையும் அந்த அளவுக்கே அமைத்தார்கள். இப்போது பஞ்சாபில் சட்லெஜும் பியாஸும் கூடுமிடத்திலிருந்து புறப்படும் இந்திரா காந்தி கால்வாயின் நீர் ஊருக்கு வருகிறது. கோட்டைக்குள் விடுதிகள் மலிந்துவிட்டன. குளித்த நீரும் துவைத்த நீரும் கசிந்து களிமண்ணைக் குழைக்கின்றன. 1990-களின் பிற்பகுதியில் சில கொத்தளங்கள் சரிந்தே விழுந்தன. 2013-ல் யுனெஸ்கோ இதை ராஜஸ்தானத்து மலைக்கோட்டைகளுள் ஒன்றாக உலகப் பாரம்பரியச் சின்னமென அறிவித்தது. படையெடுப்புகளைத் தாங்கி நின்ற மதிலை எங்கள் வேஷ்டியும் புடவையும் அரிக்கின்றன என்றால் யாரிடம் சொல்லிக்கொள்வது?

பிற்பகல் கோட்டைக்குள் இருக்கும் ஜைனக் கோயில்களுக்குப் போனோம். சிற்பங்களைப் பற்றி எழுத இடம் போதாது. அங்கே 15-ஆம் நூற்றாண்டில் ஜினபத்ர சூரி என்ற ஆசாரியர் நிறுவிய ஞான பண்டாரம் இருக்கிறது. 900 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பனையோலைச் சுவடிகள் அதில் உண்டு! நம் பக்கத்தில் ஏடுகளைச் செல்லும் பெருக்கும் கொண்டுபோனது போக மிஞ்சியவற்றைத் தேடி ஐயரவர்கள் ஊர் ஊராய் அலைந்த கதையை யார் அறியார்? இங்கே வறண்ட காற்று அவற்றைக் காத்துக்கொடுத்தது. அந்தக் காற்றிலும் ஈரம் ஏறினால் என்னவாகும் என்ற நினைப்பு எங்களை விட்டு அகலவில்லை.

மாலையில் கீழே இறங்கிக் கடிசர் ஏரிக்குச் சென்றோம். 14-ஆம் நூற்றாண்டில் ராவல் கர்சி திருத்தியமைத்த ஏரி அது. கரையில் மண்டபங்கள், படித்துறைகள். அருகில் தீலோன் என்ற தாசி கட்டியதாகச் சொல்லும் அழகிய நுழைவாயில் நிற்கிறது. தாசி கட்டிய வாசலில் அரசர் நுழைவதா என்று ஆட்சேபம் கிளம்பவே, அவள் மேலே கிருஷ்ணன் கோயில் ஒன்றை வைத்து இடிக்கவொட்டாமல் செய்துவிட்டாளாம். கெட்டிக்காரி! குழாய் வருமுன் இந்தப் படிகளிலிருந்துதான் பெண்கள் கோட்டைக்கு நீர் சுமந்தார்கள். எங்கள் வீட்டு அம்மாள் ஏரியையும் தொலைவில் உயர்ந்து நின்ற கோட்டையையும் பார்த்து, "இதோ பாருங்கள், இவ்வளவு தூரம் தலையில் சுமந்த தண்ணீரை யாராவது கீழே கொட்டுவார்களா?" என்றாள்.

திரும்பியதும் வீட்டுக்காரரிடம், மறுநாளே கீழே ஊருக்குள் ஜாகை மாற்றிக்கொள்வதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னோம். அவர் முகம் வாடிற்று. "எல்லாரும் இறங்கிப் போய்விட்டால் சுவர் நிற்கும், ஐயா. சுவருக்குள்ளே இருக்கிற நாங்கள் எதைச் சாப்பிடுவது?" என்றார். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. மூன்று நாள் வாடகையையும் நீட்டினோம். ஒரு நாளைக்குரியதை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிவிட்டார். கீழே தம் தம்பியின் வீட்டில் ஓர் அறை இருப்பதாகவும் சொன்னார்.

அன்றிரவு ஜோத்பூர்த் தண்ணீரைக் குடித்தோம். கை கால் கழுவக் குழாயை நூலளவே திறந்தோம். விளக்கை அணைத்துப் படுத்த பிறகு, அடுத்த அறையில் யாரோ வெகு நேரம் குளிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.