தாழை செய்த பிழை யாது?

மணக்கும் மலருக்கும் ஒரு பழி உண்டு என்றால் நம்புவீர்களா, தோழர்களே! தாழம்பூவுக்கு உண்டு. அடிமுடி தேடிய கதையிலே, முடியைக் கண்டதாக நான்முகன் பொய்யுரைத்தானாம். தாழை அதற்குச் சாட்சி சொல்லிற்றாம். பொய்யனுக்குக் கோயில் இல்லை என்று தண்டித்தார்கள், சரி. வாயில்லாப் பூவுக்குமா விலக்கு? சிவன் பூசைக்கு ஆகாதென்று தள்ளிவைக்கப்பட்ட பூ, பெண்டிர் பின்னலிலே ஏறிற்று. நல்லதாயிற்று என்போம் நாம்.

கதை அத்தோடு நின்றதா? மணத்துக்கு மயங்கி நாகம் வந்து குடியிருக்கும் என்ற அச்சம் வேறு. வாய்க்கால் ஓரத்துத் தாழம்புதரை நெருங்கவிடாமலே நம்மை வளர்த்தார்கள். அங்கே பாம்பு இருக்கலாம்தான். ஆனால் அது வருவது பூவுக்காக அன்று. ஈரக்கரையிலே திரியும் தவளைக்கும் எலிக்கும், முள்ளடர்ந்த மறைவுக்கும்.

ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்திலே அதே தாழை சோறு போடுகிறது. ஆண் மரத்தின் பூங்கொத்துக்கே அந்த மணம். பெண் மரத்துக்கு இல்லை. மழைக்காலத்து விடியலிலே பறித்து, செப்புக் கொப்பரையில் நீரோடு காய்ச்சி, எழும் ஆவியைக் குளிரவைத்துச் சந்தன எண்ணெயில் இறக்கினால் அத்தர். மணத்தின் பெரும்பங்கு பினைல் எத்தில் மெத்தில் ஈதர் என்னும் பொருள் என வேதியியல் பிரித்துக் காட்டிவிட்டது. சாபத்தின் வாடை அதில் ஏதுமில்லை!

இலையோரமெல்லாம் முள், பறிப்பவர் கையெல்லாம் கீறல். பூ சொன்ன பொய்யை யுகயுகமாக விசாரிப்போர், அந்தக் கைக்கு என்ன கூலி என்று ஒருநாளேனும் விசாரித்தார்களா?