மடியில் ஒரு பெட்டி

கடலூரில் சிதம்பரம் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டுப் பையன் மடியில் நீளமாக ஒரு கறுப்புப் பெட்டி. கண்டக்டர் அதைத் தட்டிப் பார்த்து, "லக்கேஜ் போடணுமே தம்பி" என்றார்.

"வயலினுங்கண்ணே. மடியிலயே வெச்சுக்கறேன்."

கண்டக்டர் சிரித்தபடி போய்விட்டார். (என் மூட்டைக்கு மட்டும் டிக்கெட் கிழித்தார்!)

ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் பேச்சு ஒட்டிக்கொண்டது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இசை படித்தவன். 1929-ல் தொடங்கிய பல்கலை. டைகர் வரதாச்சாரியார் இசைக் கல்லூரியைத் தலைமையேற்று நடத்திய இடம். சும்மாவா?

"கச்சேரியெல்லாம் உண்டா?"

"மார்கழியில உண்டு சார். மத்தபடி கல்யாண ரிசப்ஷன், பரதநாட்டிய அரங்கேற்றம். பாடறவருக்குக் கவர் கனமா இருக்கும். நமக்கு மெலிசு."

பாடுகிறவர் எங்கே தாவுவாரென்று தெரியாது. பல சமயம் ஒத்திகையும் கிடையாது. கூடவே தாவ வேண்டும். பாலுஸ்வாமி தீட்சிதர் வெள்ளைக்காரரிடம் கற்று, இருநூறு வருஷம் முன்பே நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்த வாத்தியம் இது. லால்குடி ஜெயராமனே 12 வயதில் பக்கவாத்தியமாகத்தான் ஆரம்பித்தார், தனிக்கச்சேரியெல்லாம் அப்புறம்.

"அப்பா பேங்க் பரீட்சை எழுதச் சொன்னார் சார்."

"எழுதினியா?"

"பாஸ் பண்ணிட்டேன். அதான் பிரச்னை. திங்கக்கிழமை சேரணும். வடக்கே எங்கேயோ போஸ்டிங்."

நானும் ஆபீஸ்காரன். 'சேர்ந்துடுப்பா' என்று நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

சிதம்பரத்தில் இறங்கி, கீழவீதிப் பக்கம் இட்லி, கொத்சு வாங்கிக் கொடுத்தேன். வலது கையால் சாப்பிட்டான். இடது கை விரல்கள் மட்டும் மேஜை விளிம்பில் ஏதோ ஒரு கமகத்தை வாசித்துக்கொண்டே இருந்தன.