பேட்டரி காரும் கீரனூர் வாத்தியாரும்

திருச்சியில் புதுக்கோட்டை பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம், ஒரு மணி நேரத்தில் கீரனூர் வந்துவிடும். அந்த ஊரில் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். ரிட்டயர்டு ஆகி நாலு வருஷம். ஊர்ப் பிள்ளைகளுக்கு முப்பது வருஷம் லாப நஷ்டக் கணக்கு சொல்லிக்கொடுத்தவர், போன மாதம் முழுக்க ஒரே ஒரு கணக்குக்கு விடை வராமல் திண்டாடினார்.

கணக்கு இதுதான். இரண்டு எலெக்ட்ரிக் கார். எதை வாங்குவது?

பணக்காரர் போல என்று நினைத்துவிடாதீர்கள். அவர் மனைவிக்கு இரண்டு கிட்னியும் பழுது. வாரம் மூன்று நாள் திருச்சியில் டயாலிசிஸ். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். இவ்வளவு நாளும் டாக்சிதான். போய், காத்திருந்து, திரும்ப 1,800 ரூபாய். மாதம் பதிமூன்று நடை என்று வைத்தால் 23,400 ரூபாய்! அதுவும் விடியற்காலை டிரைவர் போன் எடுக்கவில்லை என்றால் வாத்தியாருக்கு உயிரே போய்விடும். அதனால்தான் ரிட்டயர்மெண்ட் பணத்தில் கை வைக்கிறார். ஒரு தடவைதான் வைக்க முடியும். தப்பானால் திருத்திப் போட இன்னொரு தாள் கிடையாது.

சின்ன பேட்டரி கார் வாங்கினால் செலவு ரொம்பக் குறையும். ஆனால் அந்த அம்மாவால் குனிந்து உள்ளே போகவும் முடியாது, தாழ்வான சீட்டிலிருந்து எழுந்திருக்கவும் முடியாது. எனவே கொஞ்சம் உயரமான எஸ்யூவிதான் வேண்டும் என்று முடிவானது.

சென்னையில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கும் மகன் சொன்ன வண்டி வின்ஃபாஸ்ட் விஎஃப் 6. திருச்சி மாப்பிள்ளை சொன்னது ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக். இதில் ஒரு வேடிக்கை. இரண்டுமே நம் தமிழ்நாட்டில் தயாராகிறவை! கிரெட்டா, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை. விஎஃப் 6, தூத்துக்குடி. வியட்நாம் கம்பெனியான வின்ஃபாஸ்ட் அங்கே 2025 ஆகஸ்ட் 4 அன்று தொழிற்சாலையைத் திறந்தது. ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே, நடுவில் நம் வாத்தியார்.

மகன் வாட்ஸப்பில் அட்டவணை அனுப்பினான். அறிமுக விலையில் பார்த்தால் விஎஃப் 6 ஆரம்ப மாடல் 16.49 லட்சம், பேட்டரி 59.6 கிலோவாட் அவர், ஒரு சார்ஜுக்கு 468 கிலோமீட்டர் என்று சான்றிதழ். கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் வந்தபோது ஆரம்ப மாடல் 17.99 லட்சம், பேட்டரி 42, சான்றிதழ் 390 கிலோமீட்டர். வின்ஃபாஸ்ட் பேட்டரிக்குப் பத்து வருஷம் வாரண்டி, கிரெட்டாவுக்கு எட்டு.

"அப்பா, நீங்க கணக்கு வாத்தியார்தானே? ஒன்றரை லட்சம் கம்மி, பேட்டரி பெருசு. இதுல யோசிக்க என்ன இருக்கு?"

நியாயமான கேள்விதான். வாத்தியார் பதில் சொல்லவில்லை. பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கோடு போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் கணக்கு, தூரம். வீட்டு வாசலிலிருந்து ஆஸ்பத்திரி வாசல் 35 கிலோமீட்டர். போக வர 70. சான்றிதழில் போட்டிருக்கும் தூரம் சாலையில் அப்படியே கிடைக்காது. ஏசி போட்டு, நாலு பேர் உட்கார்ந்து போனால் முக்கால்வாசி வந்தால் பெரிது. 390-க்கு 280 என்றே வைப்போம். அப்போதும் நாலு தடவை திருச்சி போய்வரலாம். 468 கிலோமீட்டர் வண்டியால் கூடுதலாக என்ன லாபம்? சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போகலாம். ஆனால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆஸ்பத்திரி போகிறவர்கள் சென்னைக்கு எப்போது போவது?

இரண்டாவது, கரண்ட். வீட்டில் 16 ஆம்பியர் பிளக்கில் போட்டால் மணிக்குச் சுமார் 3 யூனிட் ஏறும். 70 கிலோமீட்டருக்கு 10, 11 யூனிட் போதும். ராத்திரி நாலு மணி நேரத்தில் வேலை முடிந்தது. 11 கிலோவாட் சார்ஜர் எல்லாம் மும்முனை இணைப்பு இருக்கிற வீட்டுக்கு. இவருக்கு அது தேவையே இல்லை. வின்ஃபாஸ்ட், தன் கூட்டாளி நிறுவனத்தின் சார்ஜிங் நிலையங்களில் 2028 ஜூலை வரை இலவசம் என்று அறிவித்திருந்தது. நல்ல சலுகைதான். ஆனால் வீட்டில் படுத்துத் தூங்கும்போதே சார்ஜ் ஏறுகிறவருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

இந்த இடத்தில் எல்லோரும் கோட்டை விடும் விஷயம் ஒன்று உண்டு. இரண்டு மாதத்துக்குக் காருக்கு மட்டும் சுமார் 300 யூனிட் ஆகும். நம் மின்சார வாரியத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்து ரேட் மாறிவிடும். ஏற்கெனவே 400 யூனிட் ஓடும் வீடு 700-க்குப் போனால், கரண்ட் பில் 2,500 ரூபாய்க்கு மேல் கூடும். "வீட்டில் போட்டால் சும்மா மாதிரி" என்பதெல்லாம் சும்மா பேச்சு :-) அப்படியும் அதே தூரத்துக்குப் பெட்ரோல் பதிமூன்றாயிரம் ஆகும் என்பதால் கரண்ட்தான் ஜெயிக்கிறது. ஆக, இந்த இரண்டு கணக்கிலும் எந்த வண்டி வாங்கினாலும் ஒன்றுதான்!

அப்புறம் இரண்டையும் ஓட்டிப் பார்த்தார்கள்.

விஎஃப் 6-ல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் வேகம் காட்டும் மீட்டரே கிடையாது. எல்லாம் நடுவில் இருக்கும் பெரிய திரையில்தான். மகனுக்கு அது ரொம்பப் பிடித்தது. அறுபதைத் தாண்டிய வாத்தியாருக்கு, ரோட்டிலிருந்து கண்ணைத் திருப்பி நடுவே பார்த்துவிட்டு மறுபடி ரோட்டுக்கு வருவது சங்கடமாக இருந்தது. பழகிவிடும் என்றார்கள். பழகும்தான். ஆனால் பழகும் வரை பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

எலெக்ட்ரிக் காரில் இன்னொன்று. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே வண்டி தானாக இழுத்துப் பிடிக்கும். ஓடுகிற வேகத்தைக் கரண்டாக்கித் திரும்பப் பேட்டரிக்கே அனுப்பும் ஏற்பாடு அது. ஓட்டுகிறவருக்குச் சுகம். பக்கத்தில் இருப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் முன்னால் போய்ப் பின்னால் வரும். டயாலிசிஸ் முடிந்து வருகிறவர்களுக்குப் பிரஷர் இறங்கித் தலை சுற்றும், கெண்டைக்கால் பிடிக்கும். அந்த அம்மாவுக்கு முதல் ஐந்து கிலோமீட்டரிலேயே குமட்டல். இரண்டு வண்டியிலும் இதைக் குறைத்து வைத்துக்கொள்ள வழி இருக்கிறது. குறைத்ததும் சரியாகிவிட்டது. வாங்குகிறவர்கள் ஓட்டிப் பார்த்தால் மட்டும் போதாது, உட்கார்ந்து வரப்போகிறவரையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

கடைசிக் கணக்கு, வண்டி நின்றால். இதைத்தான் மாப்பிள்ளை பிடித்துக்கொண்டார்.

"மாமா, வாரண்டி பத்து வருஷமோ எட்டு வருஷமோ, அது பேப்பர்ல. வண்டி நடுரோட்டுல நின்னா யாரு வருவாங்க, எவ்வளவு நேரத்துல வருவாங்க? அதைக் கேளுங்க."

ஹூண்டாய் 1998-ல் சான்ட்ரோ விட்ட காலத்திலிருந்து இங்கே இருக்கிறது. 2019-லேயே கோனா என்ற எலெக்ட்ரிக் காரையும் விற்றது. வின்ஃபாஸ்ட் தொடங்கியதே 2017-ல்தான், இந்தியாவில் கார் விற்க வந்தது 2025 செப்டம்பரில். புதிது என்பதால் மோசம் என்று அர்த்தமில்லை. இன்னும் ஐந்து வருஷம் கழித்து இதே கேள்விக்கு வேறு விடை வரலாம். ஆனால் ஒரு கம்பெனி வேரூன்றும் வரை காத்திருக்க எல்லோருக்கும் அவகாசம் இருப்பதில்லை. வாரம் மூன்று நாள் தவறாமல் போக வேண்டியவர்களுக்கு நிச்சயமாக இல்லை.

வாத்தியார் நோட்டை மூடினார். கிரெட்டா எலெக்ட்ரிக், சின்ன பேட்டரி. மகன் போனில் கத்தினான். "ஒன்றரை லட்சம் அதிகம் குடுத்து நூறு கிலோமீட்டர் கம்மியா வாங்குறீங்கப்பா! யாராவது கேட்டா சிரிப்பாங்க."

போனை வாங்கிப் பேசியது அந்த அம்மா.

"எனக்கு எதுக்குடா தம்பி அவ்வளவு தூரம்? போயிட்டு வீட்டுக்குத் திரும்பி வந்தாப் போதும்டா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "சரிம்மா, புக் பண்ணச் சொல்லு" என்றான்.

இப்போது வாத்தியார் வீட்டில் ஒரு சட்டம். எந்த ராத்திரியும் பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கக் கூடாது. ராத்திரி மூச்சு வாங்கினால் உடனே கிளம்ப வேண்டுமே. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருக்கும் நாலு மணி நேரமும் எஞ்சின் இரைச்சல், புகை எதுவும் இல்லாமல் ஏசியில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். அந்த அம்மாவுக்குத் தண்ணீரே அளந்துதான் குடிக்க வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வந்து ஏறி நாக்கு வறண்டு போவது இப்போது இல்லை. வாத்தியார் முன்கூட்டியே குளிர வைத்துவிடுகிறார்.

ஆகவே நண்பர்களே, எந்தக் கார் நல்ல கார் என்று கேட்பதற்கு முன்னால், அந்தக் காரில் யார் உட்காரப் போகிறார்கள் என்று கேளுங்கள். தூரம் கூட வேண்டும், அடிக்கடி சென்னை போக வேண்டும் என்றால் மகன் சொன்னதுதான் சரி. வாத்தியார் வீட்டுக்குத் தேவை எழுபது கிலோமீட்டர்தான். ஆனால் அது ஒரு நாளும் தவறக் கூடாத எழுபது.

உங்கள் வீட்டுக் கணக்கு என்ன?