மூணாற்றில் ஓர் ஆங்கில வகுப்பு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியே மலையேறி வந்து, தமிழ்வழிப் பள்ளியொன்றில் ஆங்கிலம் போதிக்கும் பணியில் அமர்ந்து, இம்மலைநாட்டையே வாசஸ்தலமாகக் கொண்டுவிட்ட எனக்கு, மூன்று பாஷைகளின் நடுவே வாழ்வதால் வாய்த்த சிந்தனையொன்றைச் சொல்ல விருப்பம். 1877-இல் பூஞ்ஞாறு அரசரிடம் ஜே.டி. மன்றோ இம்மலைகளின் உரிமையைப் பெற்ற பின் வந்த தோட்டத்துரைகளின் மொழி ஆங்கிலம். தேயிலைக் கொழுந்தெடுக்க வந்த தென்மாவட்டத்து ஜனங்களின் மொழி தமிழ். 1956-இல் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு சேர்ந்தபின் அரசாங்கத்தின் மொழி மலையாளம்.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பிள்ளைகள், "ஆல்தோ இட் வாஸ் ரெய்னிங், பட் வீ வென்ட் டு ஸ்கூல்" என்று எழுதுவதைக் கவனப்பிசகென்று சிவப்பு மையால் அடித்துவிடுவது எளிது. அது எனக்குச் சம்மதமில்லை. 'மழை பெய்தும் பள்ளிக்கூடம் போனோம்' என்று நாம் சொல்லும்போது, முரணை அறிவிக்கிற 'உம்' இரு கருத்துகளும் கூடும் சந்தியிலே நிற்கிறது. ஆங்கிலேயரோ அதை வாக்கியத்தின் தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகின்றனர். அவர்கள் வழக்கப்படி முன்னே 'ஆல்தோ'வை வைத்த பிள்ளைக்கு, தாய்மொழி பழக்கிய அந்தச் சந்தி காலியாகத் தோன்ற, அங்கே 'பட்' வந்து அமர்ந்துகொள்கிறது. வாக்கியத்தின் மூட்டு எங்கே இருக்கவேண்டும் என்பதை அறிந்த பிள்ளைதான் அப்படி எழுதும் என்பது என் திடமான அபிப்பிராயம். மலையாளத்திலும் 'மழை பெய்திட்டும்' என்று 'உம்' அதே சந்தியில்தான் நிற்கிறது. ஆனால் அங்கே 'ஆனால்' என்ற பொருளில் வழங்கும் 'என்னால்', புதிதாக வந்த தமிழர் காதில் தன்னைப் பற்றிய சொல்லாகவே விழும்!

சொற்கிரமத்தை மாற்றும் விஷயம் இதனினும் ஆழமானது. "நெவர் ஹாவ் ஐ சீன் சச் ரெய்ன்" என்று வியப்பை வெளியிடும்போது, 'ஹாவ்' என்ற துணைவினை மாத்திரம் எழுவாய்க்கு முன்னே நகர்கிறது. 'சீன்' தன்னிடத்திலேயே நிற்கிறது. வேற்றுமை உருபுகளைப் பெரும்பாலும் இழந்துவிட்ட ஆங்கிலத்தில், செய்தவர் யார், செய்யப்பட்டது எது என்பதைச் சொல் நிற்கும் இடமே காட்டவேண்டியிருப்பதால், அதற்குமேல் சுதந்திரம் அதிகம் இல்லை. என் மாணவன் ஒருவனோ, "பாத்தேனே நானு, லயத்துக்குப் பின்னாடி, அந்த யானைய!" என்று வாக்கியத்தைத் தலைகீழாக்கிச் சொன்னான். 'ஏன்' விகுதியும் 'ஐ' உருபும் காவலிருக்க, பொருள் துளியும் சிதறவில்லை. மலையாள வினை இத்தகைய விகுதிகளை இழந்ததைக் கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே குறித்திருக்கிறார். 'கண்டு' என்பதை மட்டும் கேட்டால் கண்டவர் நானா, நீயா, அவனா என்று தெரியாது.

ஆகவே துணைவினையை முன்னே நகர்த்தும் ஆங்கில வழக்கத்தை விதிவிலக்காக மனப்பாடம் செய்விக்காமல், யானையைக் கண்டவனின் வாக்கியத்திலிருந்தே நான் பாடத்தைத் தொடங்குகிறேன். சென்ற வாரம் "ஹாட் ஐ நோன்" என்று எழுதி, அதனடியில் 'தெரிந்திருந்தால்' என்று எழுதினேன். "இஃப் எங்கே சார்?" என்று கேட்டாள் முன்வரிசைச் சிறுமி. "ஹாட் முன்னாடி வந்திருச்சுல்ல, அப்புறம் அது எதுக்கு?" என்றது பின்வரிசை.