கரையில் நின்றோம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பங்குச் சிறுவர் நம்மை விடுவதில்லை. முன்பெல்லாம் வேளாங்கண்ணிக்கு அழைத்துச் செல்லுங்கள் என்பார்கள். இப்பொழுது கேட்பதோ ‘தீம் பார்க்’. மத்தூரிலிருந்து கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாக அத்திப்பள்ளியைக் கடந்தால் கன்னட நாடு. பெங்களூரைச் சுற்றி நீர் விளையாட்டுப் பூங்காக்கள் சில உள்ளன. சென்ற ஆண்டு மே மாதத்தில் பீடச் சிறுவர் 22 பேரை வேனில் ஏற்றிக்கொண்டு அவற்றுள் ஒன்றுக்குச் சென்றோம். நம்முடன் உபதேசியாரும், இளைஞர் இருவரும் வந்தனர்.

புறப்படும் வேளையில் ஒரு தாய் வேனின் சன்னலருகே வந்து நின்றார். காலணித் தொழிற்சாலையில் காலை முறைக்குச் செல்ல வேண்டியவர். கையில் சோற்றுப் பாத்திரப் பை. “சாமி, அவனுக்கு நீச்சல் அரைகுறைதான். நீங்க கூட இருக்கீங்கன்னுதான் அனுப்பறேன்” என்றார். “பயப்படாதேம்மா” என்றோம். எத்தனை எளிதாக அச்சொல் நம் வாயில் வந்தது!

அந்தப் பையனுக்கு வயது பத்து. தாத்தாவின் கிணற்றில் முதுகில் காலிப் பிளாஸ்டிக் கேன்கள் இரண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு கோடை நீந்தியவன். நம் காலத்தில் காய்ந்த சுரைக்குடுக்கை, இக்காலத்தில் கேன். கேனை அவிழ்க்கும் பருவம் வருவதற்குள் கிணறு வற்றிவிட்டது. தாத்தா ஆழ்துளைக் கிணறு போட்டார். ஆழ்துளைக் கிணற்றில் யார் நீந்தக் கற்பது? நம் பக்கத்து ஊர்களில் ஒரு தலைமுறையே இப்படித்தான் நீச்சலை இழந்தது. ஆயினும் பையனைக் கேட்டால், “எனக்கு நீச்சல் தெரியும்” என்பான். அவன் பொய் சொல்லவில்லை. கையை நீட்டினால் கல் தட்டுப்படும் அசையாத நீரில் அவனுக்கு நீச்சல் தெரியும்.

பூங்காவில் நைலான் உடை இல்லாதவர் குளத்தில் இறங்கலாகாது என்றனர். நாம் வேட்டியுடன் வந்திருந்தோம். ஆகவே பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவலாக அலைக்குளத்தின் கரையில் நின்றோம். கடற்கரை போலவே தரை சரிந்து சரிந்து ஆழத்துக்குச் செல்கிறது. அப்பாலுள்ள சுவருக்குப் பின்னே அறைகள் இருக்கின்றன. காற்றை விசையுடன் செலுத்தி அங்குள்ள நீரை அழுத்த, அது அலையாக இப்பக்கம் வருகிறது. முதலில் ஒரு சங்கு ஊதுகிறது. பிள்ளைகள் கூச்சலிட்டு ஆழத்தை நோக்கி ஓடுகின்றனர். மார்பளவு நீரில் காலூன்றி நிற்கும் குழந்தையை ஓர் அலை தூக்கினால் தரை காலுக்கு எட்டுவதில்லை. அது இறங்குமுன் அடுத்தது வருகிறது.

நாம் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தோம். பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. இருபத்திரண்டாவது தலையும் தெரிந்தது. வாய் திறந்திருந்தது, முகம் வானை நோக்கியிருந்தது, நனைந்த முடி கண்ணை மறைத்திருந்தது. விளையாடுகிறான் என்றே எண்ணினோம். கையசைக்கவில்லை, கத்தவில்லை. அவனருகே தன் குழந்தையுடன் நின்ற ஒரு பெண்மணி திரும்பிப் பார்த்தார். ஒரே எட்டில் அவன் தோளைப் பற்றித் தூக்கினார். கரைக்கு இழுத்து வந்து கூட்டத்தை நோக்கி உரத்த குரலில் கேட்டார்: “யார மகு இது?”

யாருடைய பிள்ளை இது? எல்லைப்புறத்தில் வாழும் நமக்கு அந்த அளவு கன்னடம் புரியும். “நம்முடைய பிள்ளை” என்று சொல்ல நா எழவில்லை. கையை மட்டும் உயர்த்தினோம்.

பையன் இருமினான், வாந்தியெடுத்தான், அழுதான். அழுகை கேட்டதும் நமக்கு உயிர் வந்தது. பூங்காவின் முதலுதவி அறையில் மருத்துவர் பார்த்தார். மூச்சுத் திணறலோ, விடாத இருமலோ, வழக்கமில்லாத சோர்வோ தோன்றினால் தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள் என்றார்.

பின்னர் நாம் படித்தறிந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் ஆர்ச்சர்ட் கடற்கரையில் உயிர்காப்பாளராய் இருந்த ஃபிராங்க் பியா என்பவர், மூழ்குவோரைப் படம்பிடித்து ஆராய்ந்தார். மூழ்குபவர் பெரும்பாலும் கூவுவதில்லை என்று கண்டார். மூச்சுக்கே வழியற்றவருக்குக் குரல் எங்கிருந்து வரும்? கைகள் பக்கவாட்டில் நீரை அழுத்துகின்றன. அசைத்து அழைக்க அவற்றால் இயலாது. உடல் செங்குத்தாய் நிற்கும். 20 முதல் 60 வினாடிகளில் முழுதும் அமிழ்ந்துவிடும். திரைப்படங்கள் காட்டும் கூச்சலையும் கையாட்டத்தையும் எதிர்பார்த்து நின்ற நாம், கண்ணெதிரே நடந்ததைக் காணவில்லை. 2021-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. அவர்களுள் ஏறக்குறைய கால்பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

ஆகவே பெற்றோரே, ‘நீச்சல் தெரியுமா?’ என்று பிள்ளையைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். கால் எட்டாத இடத்தில் மல்லாந்து ஒரு நிமிடம் மிதக்க முடியுமா, திரும்பிக் கரை சேர முடியுமா என்று, நீச்சல் வல்லார் ஒருவர் அருகிருக்கச் செய்து பாருங்கள். முடியாதெனில் உடலுக்குப் பொருந்தும் மிதவைச் சட்டையைப் போடச் செய்யுங்கள். கையில் மாட்டும் காற்றுப் பைகள் விளையாட்டுப் பொருள்களே. சட்டை போட்டாலும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் நீருக்குள் நிற்கவேண்டும். கைப்பேசி கரையிலிருக்கட்டும். இன்னொன்று: மூழ்கியெடுத்த பிள்ளையைத் தலைமேல் கிடத்திச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் நம் ஊர்களில் இன்னும் உண்டு. அது வேண்டா. மூச்சில்லையெனில் உடனே வாய்வழி மூச்சு ஊதி, மார்பை அழுத்தும் முதலுதவியைத் தொடங்கி, 108-ஐ அழைக்க வேண்டும்.

திரும்பும் வழியில் பையன் நம் அருகில் வந்து அமர்ந்தான். “அம்மாகிட்ட சொல்லாதீங்க சாமி, இனிமே எங்கயும் விடமாட்டாங்க.” ஓசூர் தாண்டும் வரை நாமும் அதையே விரும்பினோம் என்பதை மறைப்பானேன்? அவனுக்காக என்று மனம் சொல்லிற்று, உண்மையில் நமக்காகவே. ஆனால் இரவில் இருமல் வந்தால் கவனிக்கவேண்டியவர் அத்தாயல்லவா?

மத்தூரில் இறங்கும்போது இரவு மணி பத்து. நடந்ததையும், பார்த்தும் அறியாமல் நின்றதையும் கூறினோம். அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. மகனின் தலையைத் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். பிறகு, “நான் வந்திருந்தாலும் கரையிலதான் நின்னிருப்பேன் சாமி. எனக்கும் நீச்சல் தெரியாதே” என்றார்.

மழைக்குப்பின் நம் பங்குப் பெரியவர் ஒருவரது திறந்த கிணற்றில் நீர் நிறைந்தது. சனிக்கிழமைதோறும் இருவர் நீரிலும் ஒருவர் கயிற்றுடன் படியிலுமாக நின்று சிறுவருக்கு நீச்சல் பழக்குகிறோம். சிறு வயதில் கற்றது நமக்கும் மறக்கவில்லை, மூச்சுத்தான் வாங்குகிறது. சென்ற வாரம் அப்பையனின் முதுகிலிருந்த இரண்டு கேன்களில் ஒன்றை அவிழ்த்தோம். விடுமுறை நாளாதலால் தாயும் வந்து, கடைசிப் படியில் நீரில் கால் வைத்து அமர்ந்திருந்தார்.