பெஹாலாத் திண்ணையில் பந்தாட்ட நியாயம்

கல்கத்தா என்றே நம் நாவில் பழகிவிட்ட கொல்கத்தா மாநகரின் தென்மேற்குப் பகுதியில் இருக்கிறது பெஹாலா. ஊர் பார்க்க வருகிற உறவினர்கள் காளிகட்டத்தையும் விக்டோரியா மண்டபத்தையும் ஹௌரா பாலத்தையும் கண்டு, லேக் மார்க்கெட்டில் இட்லியும் காப்பியும் சாப்பிட்டுத் திரும்பிவிடுவார்கள். பெஹாலாவுக்கு வருவோர் சிலரே. "அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?" என்று கேட்போரும் உண்டு. பார்ப்பதைக் காட்டிலும் கேட்பதற்கு அங்கே அதிகம் இருக்கிறது என்பதுதான் நமது விடை.

பெஹாலாவின் முதுகெலும்பு டயமண்ட் ஹார்பர் ரோடு. தாராதலா, பெஹாலா சௌராஸ்தா, சாகேர் பஜார், தாகுர்புகூர், ஜோக்கா என்று ஊர்கள் அதன் இருமருங்கிலும் கோத்து நிற்கின்றன. முன்னாளில் இவ்வழியே ஜோக்கா வரை ட்ராம் ஓடிற்று. இன்று ட்ராம் இல்லை. அதற்குப் பதிலாகத் தலைக்கு மேலே மெட்ரோ ஓடுகிறது. 2022 டிசம்பர் 30 அன்று ஜோக்காவிலிருந்து தாராதலா வரையிலும், 2024 மார்ச்சில் மாஜேர்ஹாட் வரையிலும் அது திறக்கப்பட்டது. பெஹாலாவை அடுத்துள்ள பரிஷாவில் ஸாவர்ண ராய் சௌத்ரி குடும்பத்தாரின் பழைய மண்டபம் இருக்கிறது. சூதானுட்டி, கோவிந்தபூர், கலிகாதா ஆகிய மூன்று கிராமங்களின் உரிமை 1698-இல் கும்பினியார் கைக்கு மாறியது அங்கேதான் என்பார்கள். கல்கத்தா என்னும் நகரத்துக்கே பத்திரம் எழுதிய இடம் என்று சொன்னால் மிகையாகாது. கிரிக்கெட் வீரர் சௌரவ் கங்குலியின் வீடும் பெஹாலாவில்தான். ஆயினும் இவ்வூரார் மாலைப் பொழுதில் மெய்மறந்து பேசுவது கிரிக்கெட்டைப் பற்றியன்று, கால்பந்தைப் பற்றித்தான்.

சௌராஸ்தாவை ஒட்டிய சந்துகளில் ஒரு தேநீர்க் கடையும், அதன் பக்கத்தில் ஒரு வீட்டுத் திண்ணையும் இருந்துவிட்டால் போதும். அங்கே ஒரு சபை கூடிவிடும். வங்காளிகள் இதனை 'அட்டா' என்பார்கள். நம் ஊர்த் திண்ணைப் பேச்சுக்கு ஒன்றுவிட்ட சகோதரன் என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர், மின்சார வேலை செய்யும் இளைஞர், மருந்துக்கடைக்காரர், கல்லூரி மாணவர் எல்லோரும் மண்குவளைத் தேநீருடன் சமமாக அமர்கிறார்கள். மழைக்காலத்தில் ஆட்டப் பருவம் தொடங்கிவிட்டால் அவர்கள் விவாதிக்கும் பொருள் பெரும்பாலும் ஒன்றே: நம் அணி எப்படித் தாக்கியிருக்க வேண்டும்? முன்னே எத்தனை பேரை நிறுத்தியிருக்க வேண்டும்? பந்தை ஓரத்தால் கொண்டு போவதா, நடுவால் கொண்டு போவதா?

கட்சிகள் இரண்டு. 1889-இல் தோன்றிய மோகன் பகான் ஒன்று. 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் மற்றொன்று. கங்கையின் மேற்கரையிலும் இந்நகரிலும் தலைமுறைகளாக வாழ்ந்த 'கோட்டி'கள் முன்னதற்கும், கீழ்வங்கத்திலிருந்து வந்த 'பாங்கால்'கள் பின்னதற்கும் உரியவர்கள் என்பது பழைய வழக்கு. 1947 பிரிவினைக்குப் பின் வீடுவாசலை இழந்து வந்தோர்க்கு ஈஸ்ட் பெங்கால் என்ற பெயரே ஊரின் நினைவாக ஆயிற்று. ஒரு கட்சி வென்றால் இறால், மறு கட்சி வென்றால் ஹில்சா மீன் என்று சமையலறை வரை இப்பிரிவு செல்கிறது. தமிழ்நாட்டிலிருந்து பிழைப்பை நாடி வந்த நம்மவர்க்கு இதில் ஒரு செய்தி இருக்கிறது. இடம்பெயர்ந்தோர் வந்த ஊரில் தமக்கென்று ஓர் இடம் பிடித்துக்கொள்வதற்கு ஒரு பந்தும் உதவக்கூடும் என்பதே அது.

தென்னாட்டார்க்கு இதில் நேரான பங்கும் உண்டு. 1949 முதல் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்காலின் முன்வரிசையில் ஆடிய அகமது கான், அப்பாராவ், தன்ராஜ், சாலே, வெங்கடேஷ் ஆகிய ஐவரையும் 'பஞ்ச பாண்டவர்' என்று கல்கத்தா கொண்டாடிற்று. ஐவரும் தெற்கிலிருந்து வந்தவர்கள். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஐ.எஃப்.ஏ. கேடயம் அவர்கள் அணிக்கே கிடைத்தது. அந்நாளில் முன்வரிசையில் ஐவர் நிற்பது முறையாக இருந்தது. இன்று ஒருவரோ இருவரோ நின்றால் அதிகம். ஆகவேதான் திண்ணைப் பெரியவர்கள் இளைஞர்களைப் பார்த்து, "ஐவர் தாக்கிய காலத்தை நீங்கள் கண்டதில்லையே!" என்று பெருமூச்சு விடுகிறார்கள்.

நாம் பெஹாலாவுக்குக் குடிவந்த புதிதில், "தாதா, நீங்கள் எந்தப் பக்கம்?" என்று அச்சபையார் கேட்டனர். ரயில்வே குமாஸ்தாவாகிய நாம் யோசித்து, "ரயில்வே பக்கம்" என்றோம். சிரிப்பார்கள் என்றுதான் எண்ணினோம். ஆனால் வயது முதிர்ந்த ஆசிரியர் ஒருவர் எழுந்து நமக்கு இடம் விட்டார். 1958-இல் கல்கத்தா லீக் பட்டத்தைப் பெரிய சங்கங்கள் மூன்றையும் பின்தள்ளி வென்றது ஈஸ்டர்ன் ரயில்வே அணி என்பதை அவர் மறக்கவில்லை. அதற்குப் பின் அம்மூன்றும் அல்லாத ஓர் அணி அப்பட்டத்தை வெல்ல 2019 வரை, அதாவது பியர்லெஸ் அணி வரும்வரை, 61 ஆண்டுகள் ஆயின. அந்த ரயில்வே அணியில் ஆடியவர்தான் பி.கே. பானர்ஜி. பெரிய சங்கங்களில் சேராமலே இந்திய அணியின் புகழ்பெற்ற முன்வரிசை வீரரானவர். பின்னாளில் பயிற்சியாளராகவும் பெயர் பெற்றவர்.

இச்சபையில் ஆண்டுதோறும் மீண்டும் மீண்டும் விசாரணைக்கு வரும் வழக்கு ஒன்று உண்டு. அது 1997 ஜூலை 13 அன்று ஸால்ட் லேக் மைதானத்தில் நடந்த ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. அன்று 1,31,000 பேருக்கு மேல் கூடினர் என்பது கணக்கு. ஈஸ்ட் பெங்காலுக்குப் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி. மோகன் பகானுக்கு அமல் தத்தா. இங்கிலாந்து சென்று பயிற்சிமுறை கற்றுவந்த அமல் தத்தா, நடுக்கள வீரர்களை வைரக்கல்லின் நான்கு முனைகள் போல் நிறுத்தி, அங்கிருந்து அலையலையாக ஆட்களை முன்னே செலுத்தும் 'டயமண்ட்' முறையைக் கையாண்டு வந்தார். முந்தைய ஆட்டங்களில் அது நன்றாகப் பலித்தது. நகரமே அதைப் பற்றிப் பேசிற்று. ஆனால் அன்று ஈஸ்ட் பெங்கால் 4-1 என்று வென்றது. சிக்கிமிலிருந்து வந்த இருபது வயது இளைஞர் பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டார்.

"டயமண்ட் கண்ணாடித் துண்டாகப் போயிற்று!" என்று ஈஸ்ட் பெங்கால் கட்சி மின்சார இளைஞர் இன்றும் எள்ளுகிறார். அவர் வாதம் இது: எல்லோரையும் முன்னே அனுப்பினால் பின்னே வெற்றிடம் உண்டாகும், எதிரணியில் மின்னலைப் போல் ஓடும் ஒருவன் இருக்கும்போது அவ்வெற்றிடத்தை விட்டுவைப்பது தற்கொலைக்கு ஒப்பாகும். மோகன் பகான் கட்சியாரான ஆசிரியரின் மறுப்பு வேறு. "அதே முறையால் அதற்கு முன் வென்றபோது உன் வாய் எங்கே போயிற்று? முறையில் பழுதில்லை. அன்று அதை நிறைவேற்றிய கால்களில் பழுது" என்பார் அவர். ஆட்டத்துக்கு முன் அமல் தத்தா எதிரணி வீரர்களின் பெயர்களைத் திரித்துக் கேலி செய்தார் என்பதை மருந்துக்கடைக்காரர் நினைவூட்டுவார். எதிரியின் நெஞ்சில் தீ மூட்டிவிட்டுக் களத்துக்குச் செல்வது எந்த முறையில் சேர்ந்தது என்பது அவர் கேள்வி. அதற்கு மட்டும் ஆசிரியரிடம் பதில் இல்லை.

இவ்வழக்கைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு மற்றோர் ஆட்டம் நினைவுக்கு வருகிறது. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குப் பயிற்சியாளர் ஐதராபாத் சையத் அப்துல் ரஹீம். அணியின் பின்வரிசைத் தூணாகிய ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட நேர்ந்தது. ரஹீம் அவரை உட்காரவைக்கவில்லை. பின்வரிசையிலிருந்து எடுத்து முன்வரிசையில் நிறுத்தினார்! செப்டம்பர் 4 அன்று நடந்த இறுதியாட்டத்தில் தென்கொரியாவை இந்தியா 2-1 என்று வென்று தங்கப் பதக்கம் பெற்றது. முதல் கோல் பி.கே. பானர்ஜியுடையது, இரண்டாவது கோல் கட்டுப்போட்ட தலையுடன் ஆடிய ஜர்னைல் சிங்குடையது.

இப்போது அன்பர்கள் நடுநிலையோடு எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டும் துணிகரமான ஏற்பாடுகளே. ஒன்று வென்றது, அதனை மேதைமை என்கிறோம். மற்றொன்று தோற்றது, அதனை மடைமை என்கிறோம். ஜகார்த்தாவில் அந்தப் பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியிருந்தால், அடிபட்டவனை முன்னே நிறுத்திய ரஹீமை இந்தத் திண்ணைகள் விட்டுவைத்திருக்குமா?

அமெரிக்காவில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆடும் கால்பந்து என்று ஒன்று உண்டு. பெயர்தான் கால்பந்து, பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் முக்கியம். அங்கே ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஆட்டம் நின்று நின்று தொடங்கும். ஓடுவதா எறிவதா என்று ஓரத்திலிருந்து பயிற்சியாளர் ஒவ்வொரு முறையும் கட்டளை அனுப்புவார். தோற்ற மறுநாள், "மூன்றாம் முயற்சியில் எறிந்திருக்க வேண்டும்" என்று அங்கத்து ரசிகர்களும் இதே போல் வழக்காடுகிறார்களாம். நம் கால்பந்திலோ பந்து நிற்பதில்லை. பயிற்சியாளர் முன்கூட்டியே ஏற்பாடு செய்து அனுப்ப வேண்டும். மற்றதை ஆடுவோரின் அறிவுக்கு விட வேண்டும். ஆகவே தீர்ப்புச் சொல்வதும் இங்கே கடினம்.

இதை ரயில்வேக்காரர்கள் எளிதில் அறிவார்கள். ஒற்றைத் தண்டவாளப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே வருகின்றன. எந்த நிலையத்தில் எதை நிறுத்தி எதை விடுவது என்பதைக் கட்டுப்பாட்டு அறையிலிருப்பவர் அந்த நிமிடத்தில் தீர்மானிக்க வேண்டும். விடப்பட்ட வண்டி வழியில் இன்ஜின் கோளாறால் நின்றுவிட்டால், நிறுத்தப்பட்ட வண்டியின் பிரயாணிகள் அவரைத்தான் திட்டுவார்கள். அனுபவமுள்ள மேலதிகாரியோ, "கட்டளை இட்ட நேரத்தில் உனக்குத் தெரிந்தது என்ன?" என்று கேட்பார். தெரிந்ததைக் கொண்டு செய்தது சரியென்றால், முடிவு கெட்டதற்காக அவர் தண்டிப்பதில்லை. பந்தாட்டத்தையும் இந்தத் தராசில்தான் நிறுக்க வேண்டும் என்று ஒருநாள் அச்சபையில் சொன்னோம். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு ஆசிரியர், "அப்படியானால் 2023-ஐ எடுத்துக்கொள்வோம்" என்றார்.

2023 செப்டம்பர் 3 அன்று டுராண்ட் கோப்பை இறுதியாட்டம். இரண்டாம் பாதியில் மோகன் பகானின் அனிருத் தாபா சிவப்பு அட்டை பெற்று வெளியேறினார். அணி பத்துப் பேராயிற்று. அதன்பின் பத்து நிமிடங்களுக்குள் திமித்ரி பெட்ராடோஸ் கோல் போட, 1-0 என்று பத்துப் பேர் வென்றார்கள். குறைந்த ஆட்களோடு தாக்கியது அறிவா, அதிர்ஷ்டமா? நிறைந்த ஆட்களோடு இருந்தும் ஈஸ்ட் பெங்கால் ஏன் கோல் போடவில்லை? அன்று கடைக்காரர் அடுப்பை அணைக்கும்வரை வழக்கு நடந்தது. இம்முறை இளைஞர், "எங்களுக்கு அந்த நேரத்தில் தெரிந்தது என்னவென்றால்..." என்று தொடங்கினார். நமது சொல் சபையேறியதைக் கண்டு மகிழ்ந்தோம்.

இப்பேச்சுக்கு இத்தனை மதிப்பு ஏன் என்று சிலர் கேட்கலாம். சொல்லால் தீர வேண்டியது கையால் தீர்க்கப்பட்டால் என்ன ஆகும் என்பதை இந்நகரம் அறிந்திருக்கிறது. 1980 ஆகஸ்டு 16 அன்று ஈடன் கார்டன்ஸில் இவ்விரு அணிகளும் ஆடியபோது ரசிகர்களிடையே மூண்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. திண்ணைப் பெரியவர்கள் எவ்வளவு சூடாகப் பேசினாலும், ஒருவன் கை ஓங்கினால் உடனே அவனை எழுப்பி அனுப்பிவிடுவதற்குக் காரணம் அந்த நினைவுதான்.

அதே நகரம் மற்றொன்றையும் காட்டிற்று. 2024 ஆகஸ்டு 18 அன்று நடக்கவிருந்த மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம் ரத்தாயிற்று. ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் இளம் பெண் மருத்துவர் ஒருவர் பலாத்காரம் செய்யப்பட்டுக் கொல்லப்பட்ட கொடுமையால் நகரம் கொதித்திருந்த வேளை அது. ஆட்டமில்லாத அம்மைதானத்தின் வெளியே இரு கட்சி ரசிகர்களும், முகமதன் ஸ்போர்ட்டிங் ரசிகர்களும், தத்தம் வண்ணச் சட்டைகளோடு ஒன்றாய் நின்று நீதி கேட்டார்கள். ஓர் ஆயுட்காலம் வாதாடிப் பழகியவர்கள் தேவை வந்தபோது தோளோடு தோள் சேர்ந்தார்கள். ஒருவரையொருவர் நன்றாய் அறிந்தவர்கள் அல்லவா!

நம் தமிழ்க் குடும்பங்கள் இந்நகரில் பெரும்பாலும் ஒதுங்கியே வாழ்கின்றன. அலுவலகம், வீடு, கோயில், சங்கக் கூட்டம் என்ற நாற்சதுரத்துக்குள் நாட்கள் கழிகின்றன. "அவர்கள் சண்டை நமக்கெதற்கு?" என்று பிள்ளைகளையும் தடுத்துவிடுகிறோம். அது சண்டையன்று, ஒரு பள்ளிக்கூடம். தன் அணி தோற்றாலும் காரணம் சொல்லக் கற்பதும், எதிரியின் திறமையை ஒப்புக்கொள்ளக் கற்பதும், முடிவைக் கண்டு ஏசாமல் முயற்சியை எடைபோடக் கற்பதும் அங்கே கட்டணமின்றிக் கிடைக்கும் பாடங்கள். வங்காள மொழியும் கூடவே வந்துவிடும். தேர்வில் மதிப்பெண் குறைந்த பிள்ளையைக் கடிந்துகொள்ளும் முன், அவன் எப்படி உழைத்தான் என்று கேட்கும் பழக்கம் நமக்கே அங்கிருந்துதான் வந்தது.

ஆகையால், அன்பர்களே, அடுத்த முறை பெஹாலாப் பக்கம் வரும்போது மெட்ரோவில் சௌராஸ்தா நிலையத்தில் இறங்குங்கள். மழைக்கால மாலையாக இருந்தால் நல்லது. பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். எந்தப் பக்கம் என்று நிச்சயம் கேட்பார்கள். எந்தப் பக்கம் சொன்னாலும் குற்றமில்லை. ஏன் என்று சொல்லத் தெரிந்திருந்தால் போதும். மண்குவளைத் தேநீரும் உட்கார ஓர் இடமும் உங்களுக்கு உண்டு.